நாச்சிமுத்து இருக்கும் பக்கம்

பூங்குயில் பம்ப்ஸ் கம்பெனியின் இணையதளத்துக்குள் போனவர்களில் சிலர் இன்னும் வெளியே வரவில்லை. பம்ப் தொழிலில் இது அவ்வப்போது நடப்பதுதான். கிரைண்டர் கம்பெனிகளின் தளங்களில் இதைவிட அதிகம் என்பார்கள்.

அந்தத் தளத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திவிட்டுப் புதியதைத் திறப்பதாக ஏற்பாடு ஆகியிருந்தது. புதிய தளத்தை வடிவமைத்தவள் மோகனப்பிரியா. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில், அவளும் முதலாளி அருள்செல்வனும் வேலை செய்தார்கள். பழைய தளத்தை யார் செய்தார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

வியாழக்கிழமை காலையில் ராமாத்தாள் மாடியேறி வந்தாள். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி. கையில் ஒரு ஈரிழைத் துண்டு; துண்டுக்குள் ஒரு போன். போன் சூடாக இருந்தது.

"எங்கூட்டுக்காரரு இதுக்குள்ளதானுங்க இருக்காரு," என்றாள். "மோட்டாரு உறுமுதே தவிர தண்ணி ஏற மாட்டேங்குதுன்னு புகார் எழுதப் போனாருங்க. சோத்தைப் போட்டு வெச்சுட்டு வந்து கூப்படறேன், கட்டல்ல போனு மட்டுந்தான் கெடக்குது."

போன மழைக்கு முன்னால் நடந்தது அது. அன்றிலிருந்து அவள் போனை அணையவிடவில்லை. கரண்ட் போன நாட்களில் டிராக்டர் பேட்டரியில் போட்டு வைத்திருந்தாள். தளத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று பம்ப் கடையில் யாரோ சொல்லக் கேட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நிறுத்தறோமுங்க," என்றார் அருள்செல்வன். "நிறுத்தினா உள்ள இருக்கறவங்க என்ன ஆவாங்கன்னு தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல."

ராமாத்தாள் அழவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாச்சிமுத்து என்று பெயர் எழுதிய பம்ப் ரசீதை நீட்டினாள். அருள்செல்வன் மோகனப்பிரியாவைப் பார்த்தார்.

"நீ போய்க் கூட்டிட்டு வந்துரு மோகனா. அந்தத் தளம் உனக்குத்தான் பழக்கம்."

உள்ளே போவது கஷ்டமில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறெதையும் நினைக்காமல், விரலால் தள்ளிக்கொண்டே போனால் போதும். மோகனப்பிரியா ராமாத்தாளின் போனை வாங்கி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. போனை ராமாத்தாள் எடுத்துத் துண்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தளத்தின் முகப்பை மோகனப்பிரியா தன் மேசையிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அது இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கல்யாண மண்டபம் போல் இருந்தது, ஆனால் கூரை கண்ணுக்கு எட்டவில்லை. கோபுர உயரத்துக்கு நீர்மூழ்கி மோட்டார்களின் படங்கள் சுவரோடு சுவராக நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படத்திலும் ஏதோ எழுதியிருந்தது. படித்து முடிக்கும் முன்னால் அது நகர்ந்து அடுத்தது வந்தது. அவள் கழுத்தை நிமிர்த்தியபடி நின்றாள். இதற்குள் நுழைந்த ஒரு விவசாயி முதலில் செருப்பைக் கழற்றியிருப்பார் என்று நினைத்தாள். வாசலோரம் ஒரு ஜோடி டயர் செருப்பு இருந்தது.

இரண்டு அடி வைத்ததும் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் வழியை மறித்தார்கள். கையில் பன்னீர்ச் செம்பு. "போன் நம்பரைச் சொல்லிட்டு உள்ள போங்க," என்றார்கள். அவர்கள் எல்லோருடைய மூக்கிலும் மூக்குத்தி அளவில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தொட்டால் விலகினார்கள். மோகனப்பிரியா ஒவ்வொருத்தியின் மூக்கையும் தொட்டுக்கொண்டே போனாள்.

மண்டபத்தின் கோடியில் கதவுகள். வெள்ளைக் கதவில் பாலால் எழுதியது போல வெளிர் எழுத்துகள். உற்றுப் பார்த்தால் 'தீர்வுகள்', 'எங்கள் பயணம்', 'மேலும்' என்று படிக்க முடிந்தது. புகார் என்று எந்தக் கதவிலும் இல்லை. அவள் 'மேலும்' என்ற கதவைத் திறந்தாள். உள்ளே இன்னும் சில கதவுகள். அவற்றிலும் ஒன்று 'மேலும்'. அதைத் திறந்தாள். போகப்போகத் தாழ்வாரம் அகலமாகிக்கொண்டே போனது, காலடிச் சத்தம் திரும்பி வர நேரமெடுத்தது. இதை வரைந்தவன் எவனோ ஒருவன் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து டீ குடித்தபடி வரைந்திருக்கிறான் என்பதை அவளால் நம்ப முடிந்தது. அவளும் அப்படித்தான் வரைகிறாள். ஆனாலும் நடக்க நடக்க உடம்பு சிலிர்த்தது.

கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு கூடம் இருந்தது. அங்கே சிலர் மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் இருந்தவர் உடுமலையில் பம்ப் விற்கும் ஜாபர். பின்கோடு எழுதும்போது நடுவில் இடம் விட்டால் எழுதியதெல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் அவளுக்குச் சொன்னார். இடம் விடாவிட்டாலும் அழிந்துவிடும்.

"வருத்தமில்லீங்க," என்றார். "எழுதி எழுதி என்னோட விலாசம் இப்ப ரொம்ப நல்லா வருது."

அவர் எழுதியிருந்ததை மோகனப்பிரியா பார்த்தாள். உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்தத் தெருவுக்கு உடனே போக வேண்டும் போல இருந்தது.

"அன்னூர் நாச்சிமுத்து இங்க வந்தாருங்களா?"

"கொஞ்ச நாள் எங்ககூடத்தான் இருந்தாரு. அப்பறம் மேல தளத்தோட விலாசம் இருக்கற பட்டையில என்னமோ அழுத்தினாருங்க. பெரிய கட்டைவெரலு. ரெண்டு எழுத்து ஒண்ணா விழுந்துருச்சு. அதோட ஆளக் காணோம்."

மோகனப்பிரியாவுக்குப் புரிந்தது. தளம் செய்கிறவர்கள் சோதனைக்காக ஒரு பக்கம் போட்டுப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் அதை மறந்துவிடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இருக்காது. விலாசத்தைத் தப்பாக அடித்தால் மட்டுமே அங்கே போய் விழலாம். அவள் விரல்கள் மெலிந்தவை; தப்பே வரவில்லை. முழங்கையை மடக்கி அதன் முனையால் அழுத்தினாள். கூடம் போய்விட்டது.

அங்கே எதுவும் இல்லை. சுவரில்லை, கூரையில்லை, தரைக்கும் வானத்துக்கும் நடுவில் கோடில்லை. வெள்ளை, அவ்வளவுதான். அவ்வளவு வெள்ளையை அவள் பார்த்ததில்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது. நெடுந்தூரத்தில், 'இங்கே ஏதாவது எழுதவும்' என்று ஒரு வரி மட்டும் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போனபோது எழுத்துகள் பனைமர உயரம் இருந்தன. அந்த வரியின் நிழலில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மிணி," என்றார். "மோட்டாரைப் பாக்க வந்தீங்களா?"

"உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தேனுங்கண்ணா. அக்கா அனுப்பிச்சாங்க."

நாச்சிமுத்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெல்ல, "அவ சாப்படறாளா?" என்று கேட்டார்.

"அதைக் கேக்கலீங்கண்ணா."

அவர் தலையை ஆட்டினார். கையைப் பிடித்து அவளைத் திருப்பி, தொலைவில் காட்டினார்.

"அதா போவுது பாருங்க. தெனமும் போவும். இக்கட்டால, இங்க மட்டும் வராது."

மோகனப்பிரியா பார்த்தாள். தேடுபொறி போய்க்கொண்டிருந்தது. மருதமலை எழுந்து நடந்தால் அவ்வளவு இருக்கும். ஆனால் மலைக்கு இல்லாத மெதுவும் கவனமும் அதற்கு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கால் மாற்றி வைத்தது. குனிந்து கைகளால் தடவியது. கண் கிடையாது. முகப்பு மண்டபத்தின் படங்களை நெடுக வருடிப் பார்த்தது, ஒன்றும் அகப்படாமல் கையை எடுத்துக்கொண்டது. படத்துக்குள் வரைந்த எழுத்து அதன் விரலுக்கு வெறும் சுவர்தான். பாலெழுத்துக் கதவுகளில் மட்டும் சற்று நின்றது. மனிதருக்குத் தெரியாத வெளிர் எழுத்து அதற்குத் தெளிவாகப் பட்டது.

இத்தனை வருஷமும் அவள் அதற்காகத்தான் வேலை செய்திருந்தாள். அது எளிதாக வரட்டும், தடுக்காமல் போகட்டும், படித்ததைப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு தலைப்பையும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு தடவையும் அதைப் பார்த்ததில்லை.

"அது இங்க ஏன் வரமாட்டேங்குதுங்க?" என்றார் நாச்சிமுத்து. "நானும் துண்டை வீசி வீசிப் பாத்துட்டேன்."

"அதுக்குக் கண்ணு இல்லீங்கண்ணா. இணைப்பைப் பிடிச்சுத்தான் நடக்கும். இந்தப் பக்கத்துக்கு எங்க இருந்தும் இணைப்பு இல்ல."

அந்த வரியின் கடைசி எழுத்தின் புள்ளியிலிருந்து கொஞ்சம் கருப்பைச் சுரண்டி எடுத்து, தரையில் எழுதத் தொடங்கினாள். பெரிய எழுத்து, அடர்ந்த கருப்பு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தாராளமான இடம். 'அக்கா, நாங்கள் இங்கே இருக்கிறோம். மேலே உள்ள விலாசத்தை முதலாளியிடம் காட்டுங்கள். இந்தத் தளத்தின் முகப்பில் இதற்கு ஓர் இணைப்பு போடச் சொல்லுங்கள்.'

எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து மேலே வெள்ளையில் ஒரு கருமை விழுந்தது. தென்னைமரத் தடிமனில் ஒரு விரல் இறங்கி வந்து முதல் எழுத்தின்மேல் நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களின் விரல். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, 'இங்கே' என்ற இடத்தில் நின்று, திரும்பிப் போய் மறுபடியும் 'நாங்கள்' என்பதிலிருந்து வந்தது. விரலின் ஓரத்தில் அரிவாள் பட்ட பழைய வெட்டுக்காயம் ஒரு வாய்க்கால் போல ஓடியது.

"அவ வெரலுதானுங்க," என்றார் நாச்சிமுத்து. அருகில் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். விரல் அசையாமல் அப்படியே இருந்தது. மோகனப்பிரியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அருள்செல்வன் போட்ட இணைப்பு நீல நிறத்தில் ஒரு வரப்பாக வந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவது போல, எங்கிருந்தோ நெளிந்து ஓடிவந்து அவர்கள் காலடியில் நின்றது. நாச்சிமுத்து உடனே அதன்மேல் ஏறப்போனார்.

"அது வர்றதுக்கு மட்டுந்தானுங்கண்ணா," என்றாள். "வெளிய போகணும்னா யாராச்சும் நம்மளத் தேடணும். தேடினா நாம அகப்படணும். அது வந்து படிக்கறதுக்குள்ள உங்களை எழுதி வெக்கணும்."

"என்னைய என்னத்த எழுதறது?"

"ஆளை அதுக்குத் தெரியாது. சொல்லுதான் தெரியும்."

அவள் 'நாச்சிமுத்து, விவசாயி, அன்னூர்' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். புதிய தளத்துக்கு வேலை தொடங்கும் முன்னால் அவள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தேடுகிறவர் என்ன சொல்லித் தேடுவார்?

"அக்கா உங்களை நாச்சிமுத்துன்னு தேடுவாங்களா?"

அவர் திடுக்கிட்டார். "என்ற பேரையா? அவ வாயில வராதுங்க."

"வேற எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "ஏனுங்கன்னு கூப்படுவா," என்றார். "அவ்வளவுதான். கெணத்தடியில நின்னாலும் அதுதான், பக்கத்துல நின்னாலும் அதுதான்."

மோகனப்பிரியா முன்பு எழுதியதை அழித்தாள். 'ஏனுங்க' என்று தலைப்பு வைத்தாள். அதன்கீழே, 'ஏனுங்க என்று கூப்பிட்டால் வருகிறவர் இவர். மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. இவர் வீட்டுக்குப் போக வேண்டும்' என்று எழுதினாள். அவ்வளவு நல்ல வரிகளை அவள் அதுவரை எழுதியதில்லை.

அதன்பிறகு தனக்கு ஒன்று எழுத வேண்டியிருந்தது. தன்னை யார், என்ன சொல்லித் தேடுவார்கள்? சொந்த ஊரான கோபியில் அம்மா இருக்கிறாள். அம்மா போனில் தேடமாட்டாள், சாமியிடம் கேட்பாள். கூடப் படித்தவர்களுக்கு அவளுடைய பழைய பெயர்ச்சுருக்கம் ஞாபகமிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதினாள், அழித்தாள். கடைசியில், 'கடைசியாகத் திருத்திய கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள்' என்று எழுதி அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தேடுபொறி வந்தது.

முதலில் ஒலிதான் வந்தது, வெகுதூரத்தில் நெல் கொட்டுவது போல. பிறகு நீல வரப்பு அதிர்ந்தது. அது நீல வரப்பின்மேல் ஒரு காலை வைத்து, நம்பலாமா என்று அழுத்திப் பார்த்து, அடுத்த காலை வைத்தது. நாச்சிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தேடுபொறியின் உச்சி தெரியவில்லை. அது குனிந்தபோது வெள்ளை முழுவதும் நிழலாயிற்று. அந்த நிழல் குளிர்ச்சியாக இருந்தது, பிரம்பு நாற்காலிக்கடியில் கிடக்கும் பூனையின் வயிறு போல எங்கோ மிருதுவாக மூச்சு விட்டது. உலகத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பது அதனிடம்தான். அது இந்த வெற்றிடத்துக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்து, ஒரு விரலை நீட்டி, தலைப்பைத் தொட்டது.

ஏ. னு. ங். க.

மற்ற பக்கங்களில் அது இவ்வளவு நேரம் நின்றதை மோகனப்பிரியா பார்த்ததில்லை. இங்கே நின்றது. அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தபடியே இருந்தது. அதைத் தாண்டிக் கீழே போய் மோட்டாரைப் படித்தது, வீட்டைப் படித்தது, திரும்பி மேலே வந்து தலைப்பை இன்னொரு முறை தொட்டது. பிறகு மோகனப்பிரியாவின் வரிக்கு வந்தது. அந்த விரல் அவளைத் தாண்டியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மழைக்கு முந்தின காற்று மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது அது போய்விட்டிருந்தது. அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நாச்சிமுத்து இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நல்லபடியாப் படிச்சுதுங்க," என்றார்.

மோகனப்பிரியா எழுந்து ராமாத்தாளுக்கு எழுதினாள். 'தேடும் இடத்தில் மைக் படம் இருக்கும். அதைத் தொட்டு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுங்கள்.' விரல் வந்து மெதுவாகப் படித்தது. விலகியது. மேலே தொண்டையைச் செருமும் சத்தம். மாடியில் அருள்செல்வன் இருப்பதால் அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க."

அந்தக் குரல் வெள்ளை முழுவதும் பரவியது.

"தா வந்துட்டேன்," என்றார் நாச்சிமுத்து. சொல்லி முடிக்கும்போது அவர் நின்ற இடம் காலியாக இருந்தது.

மோகனப்பிரியா தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டியிருக்கும். பெரிய வரியின் நிழல் மெல்ல வெளிறிக்கொண்டு வந்தது. அவள் தன்னுடைய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. யாரும் தேடாவிட்டால் தப்பில்லாமல் இருந்து என்ன பயன் என்பதும் அவளுக்குத் தெரியும். பயந்தாள். கோபியில் இப்போது அம்மா காப்பி போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

அடுத்த கணம் அவள் அருள்செல்வனின் மேசைமேல், கம்ப்யூட்டர் திரையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியாத் திருத்தின கோப்பு எங்க இருக்குதுன்னு தேடிட்டு இருந்தேன்," என்றார் அருள்செல்வன். "லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்கணுமாம்."

ராமாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து, வெறுங்காலோடு. அவள் கீழே பேக்கரியில் வாங்கிய பன்னைப் பிய்த்து அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை அவளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா லோகோவைப் பெரிதாக்கவில்லை. விண்ணப்பக் கூடத்தில் இருந்த எல்லோருடைய வீட்டுக்கும் போன் செய்து, அங்கே அவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். கேட்டதைப் புதிய தளத்தின் முகப்பில் எல்லோருக்கும் தெரியும் கருப்பில் எழுதி, அப்படியே ஒவ்வொருவரையும் தேடிக் கூப்பிட்டாள். பின்கோட்டில் இடம் விட்டாலும் விடாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்தாள். இருட்டுவதற்குள் ஒவ்வொருவராக மாடிப்படியில் இறங்கிப் போனார்கள். ஜாபர் மட்டும் தன் விலாசத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றாள். அதன்பிறகு அருள்செல்வன் பழைய தளத்தை நிறுத்தினார். எங்கேயோ ஒரு பெரிய மண்டபத்தில் விளக்கணைவது போல இருந்தது.

இப்போது கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் எந்த வீட்டில் எந்தப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு 'ஏனுங்க' என்றாலும் முதலில் நாச்சிமுத்துதான் வருகிறார். தட்டிக்கழிப்பதில்லை. போய், "சொல்லுங்க அம்மிணி," என்கிறார். அவர்கள் சொல்கிறார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள், சின்னவனுக்குக் காய்ச்சல் என்கிறார்கள். பெருந்துறையில் ஒரு அம்மாள், வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆனவள், வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றாள். நாச்சிமுத்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பொழுது சாயும்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். கடைசி பஸ்ஸுக்கு ராமாத்தாள் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பாள்.

'ஏனுங்க' என்று தேடினால் இரண்டாம் இடத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தினமும் காலையில் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, வாசலில் நிற்கிறார்.